பூஜையில் வைத்த டைமர்

திங்கள். புழுக்கம். தண்ணி லாரி வரவில்லை. பூஜைக்குக் கடலை வாங்கணும்.

அபி இன்றும் விடிவதற்குள் தாம்பரம் லேபுக்கு. அண்ணன் மகள், ஆராய்ச்சிப் படிப்பு, என் பொறுப்பில். அண்ணன் போனில், "லேபுன்னு சொல்லிட்டு எவன்கூடயாவது சுத்துறாளா பாரு. அப்படின்னா கூட்டிட்டு வந்து கல்யாணத்த முடிச்சிடறேன்." எனக்கும் அதே சந்தேகம்.

செவ்வாய். மேகம். லேபில் அப்படி என்னதான் வேலை என்று அபியிடம் கேட்டே விட்டேன்.

"அத்தை, செல் ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற டிஎன்ஏ நூல காப்பி எடுக்கும். மொத்தமா இல்ல. தளர்வா இருக்கற இடம் முதல்ல, இறுக்கிச் சுருட்டின இடம் கடைசியில. இறுகின ஒரு இடத்த நான் தளர்த்திருக்கேன். அது முந்துதான்னு பாக்கணும்."

பொய் சொல்பவர்கள்தான் இவ்வளவு விவரமாகச் சொல்வார்கள். முருகா.

புதன். சரஸ்வதி பூஜை. தூறல். புத்தகம், சுத்தியல், அரிவாள்மனை, அபியின் டைமர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். இன்று தொடக்கூடாது.

"ஐயோ அத்தை! செல்ஸ எல்லாம் நேத்தே ஒரே கட்டத்துல நிறுத்தி வச்சாச்சு. இன்னிக்கு விட்டு, நேரம் பாத்துப் பாத்து எடுக்கணும். உள்ள போன் கூடக் கொண்டு போக முடியாது."

"சரஸ்வதியவிட உன் செல்ஸ் பெருசா?"

டைமர் இல்லாமலே போய்விட்டாள். நிஜமாக வேலை என்றால் வெறுங்கையோடு போவாளா? சுண்டலை டப்பாவில் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோ.

லேபில் கண்ணாடிக் கதவு. உள்ளே கையுறையோடு இவள். பக்கத்தில் ஒரு பையன்! வாட்சைப் பார்த்து "எடு" என்கிறான், எடுக்கிறாள்.

"யாருடி?"

"தினேஷ். பக்கத்து லேப். அவனுக்கு இன்னிக்கு லீவு. நீங்க டைமர பூஜைல வச்சிட்டீங்கல்ல, அதான் கூப்பிட்டேன்."

என் வேலைதானா இது!

விடவில்லை. அவனைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். "தம்பி, எது முதல்ல காப்பி ஆகும்?"

"தளர்வா இருக்கறது ஆன்ட்டி. இறுகினது கடைசி. அபி அதுல ஒன்னத் தளர்த்திருக்கா, அதுக்குத்தான் இவ்ளோ பாடு."

இரண்டு பேர் வாக்கும் ஒன்று. ஆக, வேலை நிஜம்.

பிறகு மூவரும் படிக்கட்டில், சுண்டல். அவன் தன் பங்கிலிருந்த மாங்காயை எல்லாம் பொறுக்கி, கேட்காமலே அவள் தட்டாக வைத்திருந்த டப்பா மூடியில் போட்டான். அவளும் நிமிராமலே தின்றாள்.

வியாழன். விஜயதசமி. வெயில். அண்ணன் போன்.

"என்னம்மா, கூட்டிட்டு வந்துடட்டுமா?"

"வேணாண்ணா. நேர்லயே போய்ப் பாத்துட்டேன். வேலை நிஜம். படிக்கட்டும்."

"வேற ஒன்னும் இல்லையே?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அந்த தினேஷ் நெற்றியில் விபூதி இருந்ததா? ஞாபகமே வரவில்லை.