சொல்லாமல் விட்ட மீதி

தங்கைக்கு,

உன் கணவர் அப்படிச் சொன்னபோது நான் ஏன் சிரித்தேன் என்று கேட்டிருக்கிறாய். எனக்கே தெரியவில்லை.

மூல செல்களிலிருந்து ரத்த அணு உருவாக லேசான அழற்சி, அதாவது திசு வீக்கம், வேண்டும் என்று என் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். "கேட்டியா, கொஞ்சம் அடிபட்டாத்தான் ரத்தமே ஊறுமாம். உங்கக்காவே சொல்றாங்க!" என்றார். மறுவாரம் அதையே சொல்லிச் சொல்லி உன் தாடையை உடைத்தார்.

அழற்சி அடங்காவிட்டால் அந்த மூல செல்களே செத்துப்போகும். அந்த மீதியைச் சொல்லாமல் சிரித்தேன்.

அவரிடமிருந்து தப்பி நீ ஒளிந்திருக்கும் இடம் என்னோடேயே இருக்கும், யாரிடமும் சொல்ல மாட்டேன்.

மறுநாள் சேர்த்தது: காலையில் உன் கணவர் என் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். "எங்க வெச்சிருக்கீங்க அவள?" என்று என் முகத்தை செல் வளர்க்கும் இன்குபேட்டர் கதவில் மோதினார். இரண்டு பல் போயிற்று. வளர்ப்புத் தட்டுகள் நொறுங்கின. காவலர்கள் அவரை இழுத்துப் போகுமுன், ரத்தத்தைத் துப்பிவிட்டு, விட்டுப்போன மீதியைச் சொன்னேன். உன் முகவரியைச் சொல்லவில்லை.

அக்கா