காலை எட்டு மணிக் கையெழுத்து

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கோபம் மட்டும் கொஞ்சம் கூடுதல். போனில் பேசினால், "ஓபி இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்று நழுவிவிடுவாய். அதனால்தான் கடிதம். பாதியில் மடித்து வைத்தாலும் மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை. பெற்ற இரண்டும் டாக்டர். டாக்டர் சொல்வதைத் தவிர வேறு யார் சொன்னாலும் கேட்கிறாள். நீ அனுப்பிய ஷூ என் சின்னவளுக்கு அரை அளவு சிறியது. போட்டால் முகம் சுளிக்கிறாள், கழற்றச் சொன்னால் அழுகிறாள். மாமா வாங்கியதாம்.

மருத்துவர் சங்கத்தின் கடிதம் திங்கட்கிழமை வந்தது. விசாரணைக் குழுவின் முடிவு இரண்டு பக்கம், கீழே மூன்று கையெழுத்து. மூன்றாவது உன்னுடையது. எனக்கு அது தெரியாமல் போகுமா? என் ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தவன்தானே நீ.

அந்த வயிற்று ஆபரேஷனில் ரத்தம் ஒற்ற உள்ளே வைக்கும் துணிகளின் எண்ணிக்கையில் நடந்த தவறு தியேட்டர் சிஸ்டருடையது, அறுவை மருத்துவர் மீது குறை இல்லை என்று முடிவு. நான் இதை ஏற்றுக் கையெழுத்திட்டு இருபதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டுமாம். அனுப்பினால் வழக்கு வந்தாலும் சங்கத்து வக்கீல் என் பக்கம். அனுப்பாவிட்டால் என் உறுப்பினர் தகுதியையே மறுபரிசீலனை செய்வார்களாம். கூடவே நீ ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாய்: "போட்டு அனுப்பிடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்." உன் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீ பார்த்துக்கொள்ளும் மிச்சத்தில் அந்த சிஸ்டர் எங்கே இருக்கிறார் என்று தேடிப் பார்த்தேன். காணோம்.

நடந்ததைக் குழுவுக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நீ படித்திருப்பாய். இருந்தாலும் இப்போது தங்கை சொல்வதாக ஒரு முறை கேள். வயிற்றை மூடப் போகும் நேரத்தில் சிஸ்டர், "ஒண்ணு குறையுது டாக்டர்" என்றார். நான், "மறுபடி எண்ணுங்க, வாளியில கிடக்கும்" என்று சொல்லிவிட்டுத் தைக்க ஆரம்பித்தேன். அவர் மறுபடி எண்ணிவிட்டு, "இன்னும் குறையுது டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். நான் நிறுத்தவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை. நோயாளி நன்றாகத்தான் இருந்தார், அடுத்த கேஸ் காத்திருக்கவும் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு துணிகூட உள்ளே விடாதவள் என்ற திமிர், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல். எக்ஸ்ரேயில் தெரிவதற்கென்றே அந்தத் துணியில் நெய்த நீல இழை வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. மறுபடி வயிற்றைத் திறந்து எடுத்தேன். நோயாளி பள்ளி வேன் ஓட்டுகிற பெண். அவரிடம் நானே போய், சிஸ்டர் நிறுத்தச் சொல்லியும் நான் கேட்கவில்லை என்று சொன்னேன். "சொன்னதுக்கு தேங்க்ஸ் சொல்றதா, திட்றதான்னு தெரியல டாக்டர். ரெண்டையும் செஞ்சுடறேன்" என்றார். செய்தார். திட்டுதான் நீளம். இப்போது வேனை எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

சிஸ்டர் ஒரு மாதமாகத் தற்காலிகப் பணி நீக்கத்தில் வீட்டில் இருக்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவர் எண்ணிக்கை சரி என்று கையெழுத்திட்ட தாள் இருக்கிறதே என்று உன் குழு கேட்கிறது. இருக்கிறது. அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதை நாங்கள் எப்போது போட்டோம் என்று உனக்குத் தெரியாதா அண்ணா? காலை எட்டு மணிக்கு, காபி குடித்துக்கொண்டே, அன்றைய ஐந்து ஆபரேஷனுக்கும் ஐந்து தாளிலும் வரிசையாகப் போட்டோம். கையுறை மாட்டிவிட்டால் பேனா பிடிக்க முடியாது, அப்புறம் ஆளைத் தேட வேண்டும் என்பதற்காக எல்லா தியேட்டரிலும் நடக்கிற வழக்கம்தானே இது. நான் உன் தியேட்டரில் ஆறு மாதம் வேலை பார்த்திருக்கிறேன். உன் கையெழுத்தும் எட்டு மணிக் கையெழுத்துதான். பன்னிரண்டரை மணிக்கு அந்த சிஸ்டர் வாயால் சொன்னதை, காலையில் நாம் போடச் சொன்ன கையெழுத்தை வைத்து மறுக்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதுதான்.

சங்கத்தைத் திட்டுகிறேன் என்று நினைக்காதே. மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியில் தனியாக இருந்தபோது, முன்பின் தெரியாத மூத்த மருத்துவர் ஒருவர் சங்கத்தின் அவசர எண்ணில் இரண்டு மணி நேரம் கூடவே இருந்து ஈரல் கிழிந்த ஒருவரை என் கையால் பிழைக்க வைத்தார். எண்ணாமல் மூடாதே என்ற விதியை இந்த நாட்டில் எழுதியதே சங்கம்தான். இளம் மருத்துவர்களுக்குப் பரீட்சை வைக்கிறது; தேறாதவன் கையில் கத்தியைக் கொடுக்காதே என்று அமைச்சரிடமே சண்டை போட்டிருக்கிறது. அப்படிப்பட்ட சங்கம் என் ஒருத்தியின் பெயரைக் காப்பாற்ற ஒரு சிஸ்டரின் பிழைப்பில் கை வைத்தால், அது என்னைக் காப்பாற்றுவதாகுமா? எனக்கு வெட்கமாக இருக்கிறது. உனக்கும் இருக்கும். இல்லையென்றால் அந்தத் துண்டுச் சீட்டை ஏன் கிறுக்கிக் கிறுக்கி அடித்து எழுதியிருக்கிறாய்?

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் உன்னக் காப்பாத்தத்தான் பாத்திருக்கான்" என்றாள். பிறகு சோற்றைப் பிசைந்தபடியே, "அந்த சிஸ்டர் பொண்ணுக்கு அண்ணன் யாரும் இல்லையா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும்.

என் பதில் இதோ. நான் கையெழுத்துப் போட மாட்டேன். ராஜினாமாவும் செய்ய மாட்டேன். வேண்டுமானால் என்னை நீக்கட்டும், காரணத்தை எழுத்தில் கொடுத்து நீக்கட்டும். தலைக்குமேல் போன வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன? சிஸ்டர் மீது பிழை இல்லை, பிழை என்னுடையது என்று ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குத் தனியாக எழுதி, நகலைச் சங்கத்துக்கும் அனுப்பிவிட்டேன். வக்கீல் இல்லாமலே வழக்கைப் பார்த்துக்கொள்கிறேன். வேன்காரம்மா வழக்குப் போட்டால் அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

சனிக்கிழமை பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டு வருகிறேன். எண்ணி முடித்த பிறகுதான் தாளில் கையெழுத்து. குறைகிறது என்று சிஸ்டர் சொன்னால் யாராக இருந்தாலும் கை நிற்க வேண்டும். வழிமொழிய இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். ஆகையால் உன்னிடம் கையெழுத்துக் கேட்டு வரவில்லை, பயப்படாதே. உன் கையெழுத்து எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

தீர்மானத்தைப் படிப்பதற்கு முன்னால் மன்றத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். காலையிலேயே எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறவர்கள் கை தூக்குங்கள் என்பேன். முதல் கை என்னுடையது. பிறகு அறுநூறு பேர் இருக்கும் அந்தக் கூடத்தில் நான் ஒருவரை மட்டும்தான் பார்ப்பேன். குழு உறுப்பினர்களுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருக்கிறார்களாம். எதிரிலேயே இருப்பாய். தூக்காவிட்டாலும் நீ என் அண்ணன்தான். மதியச் சாப்பாட்டுக்கு உன் பக்கத்தில்தான் வந்து உட்காருவேன். பேசுவேனா என்று தெரியாது.

எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த கை உன்னுடையது. அறுபது வயதிலும் எழுபது வயதிலும் அது நடுங்காமல் இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். சனிக்கிழமை மட்டும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காராதே அண்ணா.

இப்படிக்கு,
அன்பு மாறாத,
பிடிவாதமும் மாறாத
உன் தங்கை