பிளேடு சுரண்டிய இடம்

நீ போய்விட்டாய் என்று செய்தி வந்த மறுநாள், பரணில் கிடந்த தகரக் குழலைத் திறந்தேன். உள்ளே மதகுக் கதவின் பக்கத் தகட்டுக்கான அந்த டிரேசிங் தாள். மூலையில் ‘வரைந்தவர்’ என்ற கட்டம் விரலுக்கு இன்னும் சொரசொரக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் வண்ணார்பேட்டையில், மதகுக் கதவு செய்யும் நம் கம்பெனியின் வரைபட அறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மென்பொருள் படிக்க உன்னைத்தான் ஒரு மாதம் மெட்ராசுக்கு அனுப்பினார்கள். டிப்ளமோவில் உன்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவன் நான். அதை இன்றுவரை மறக்கவில்லை. இனி ஆறு பேர் வேண்டாம், மூன்று பேர் போதும் என்று முதலாளி வேறு சொல்லியிருந்தார். என் மகள் அப்போது கைக்குழந்தை.

பலகையில் வரைந்த காலத்தில், அளவு மாறினால் படத்தைத் திரும்ப வரைய மாட்டோம். எண்ணை மட்டும் திருத்தி, அடியில் ஒரு கோடு போடுவோம். பட்டறையில் புரிந்துகொள்வார்கள். கம்ப்யூட்டரிலும் நான் அதையே செய்தேன்.

“ஏலே, நம்பரை மட்டும் மாத்தாத. படத்துல உள்ள கோட்டையும் அந்த அளவுக்கு இழு.”

“மெட்ராஸ்ல ஒரு மாசம் இருந்துட்டு வந்து பாடம் எடுக்கியாலே?”

நீ சிரித்துவிட்டு நகர்ந்தாய். நான் கோட்டை இழுக்கவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து முழு அளவில் அச்சாகி வந்த தாளைத் தகட்டின்மேல் விரித்து, பட்டறையில் அப்படியே வெட்டிவிட்டார்கள். பத்துத் தகடும் இரண்டு அங்குலம் குட்டை.

முதலாளி தாளைக் கேட்டார். பட்டறைக்குப் போய் எடுத்து வந்தவன் நீ.

“யாருவே வரைஞ்சது?”

“நாந்தான் அண்ணாச்சி.”

எட்டிப் பார்த்தேன். மையில் நான் போட்டிருந்த கையெழுத்தை அரை பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, அதன்மேல் உன் கையெழுத்தைப் போட்டிருந்தாய். நான் வாய் திறக்கவில்லை. அந்த வாரமே உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்தத் தாளை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

டீக்கடையில் கேட்டேன்: “எனக்கு எதுக்குலே பிச்சை போட்ட?”

“பிச்சை என்னலே பிச்சை. எனக்குப் படிச்ச வேலை கையில இருக்கு, எங்க போனாலும் பொழைச்சுக்குவேன். ஒனக்கு இந்த இடம் மட்டும்தான இருக்கு. பைய டீயக் குடி, சுடுது.”

நீ சொன்னது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து நீ எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. எனக்குக் கெடுதல் செய்தவர்களின் வரிசையில் உன்னையும் இத்தனை வருடம் நிறுத்தி வைத்திருந்தேன், நல்லது செய்த ஒரே ஆளை.

இப்போதும் ஓர் அளவு மாறினால், கோட்டை இழுத்த பிறகுதான் எண்ணைத் தொடுகிறேன். அந்த நேரத்தில் தோளுக்குப் பின்னால் நீ நிற்கிறாய். திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று சிரித்துக்கொண்டு நகர்ந்த மாதிரி நீ நகர்ந்துவிடக் கூடாது.