ஆறடிக் கல்வாழை

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் சுகம்தானே? உன் நர்சரியிலிருந்து கல்வாழைக் கிழங்கு ஒரு மூட்டை அனுப்பு. தெருப்பக்க வேலியோரம் நட வேண்டுமாம். பூ எப்படியிருந்தாலும் பரவாயில்லை, உயரமாக, அகல இலையாக இருக்க வேண்டும் என்கிறார் உன் மாப்பிள்ளை. எதிர்வீட்டு டீச்சரம்மா எந்நேரமும் நம் வீட்டையே பார்க்கிறார்களாம்.

உன் தங்கை

மார்ச் 12

என் குட்டிக்கு,

செங்கறுப்பு இலை ரகம் அனுப்பியிருக்கிறேன். ஆறடிக்குக் குறையாது. பின்னால் நீ நின்றால் உச்சந்தலைகூடத் தெரியாது, போ! முளை மேலே பார்க்கட்டும். ஒன்றரை அடி இடைவெளி விடு, மக்கிய எரு தாராளமாகப் போடு. போன் அடித்தால் எடுக்கவே மாட்டேன் என்கிறாயே, அப்படி என்ன கோபம்?

அண்ணன்

ஜூன் 20

அண்ணா,

கோபமில்லை. போன் அவரிடம் இருக்கிறது.

கல்வாழை என்னைவிட வளர்ந்துவிட்டது. வெயில் பட்டால்தான் இலை சிவப்பு, மற்ற நேரமெல்லாம் கறுப்பு. நேற்று காலை தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். காபி ஆறிப்போச்சாம். ஹோஸைப் பிடுங்கி அதாலேயே அடித்தார். முன்பெல்லாம் வாசலில் கை ஓங்க மாட்டார். "என்னங்க சத்தம்?" என்று டீச்சரம்மா கேட்டார்கள். "பாம்புங்க, அடிச்சாச்சு" என்றார். அவர்களும் உள்ளே போய்விட்டார்கள்.

இடது கையைத் தூக்க முடியவில்லை. வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ அண்ணா.

தங்கை

ஜூலை 2

குட்டி,

படித்ததிலிருந்து மனசே சரியில்லை. மாப்பிள்ளை கொஞ்சம் முன்கோபி, மற்றபடி நல்ல மனுஷன். நான் வந்து நின்றால் பேச்சு வளரும். நீதான் அனுசரித்துப் போகணும். இங்கே ஒட்டுக்கன்று வேலை, நகர முடியவில்லை. பூ முடிந்த தண்டை அடியோடு வெட்டு. அடுத்தது தடியாக வரும்.

அண்ணன்

ஜூலை 19

அண்ணா,

உன் கடிதத்தை அவர்தான் முதலில் பிரித்தார். "உங்க அண்ணனே சொல்லிட்டான் பாரு" என்று சத்தமாக வாசித்துக் காட்டினார். பிறகு வாசலுக்கு இழுத்துப்போனார்.

விலா எலும்பு இரண்டு போய்விட்டது. இந்த முறை டீச்சரம்மா கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. செடிகளை மிதித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அவர்கள்தான். புகார் கொடுத்துவிட்டேன்.

எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரம்மா, "கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லைங்க" என்று சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்.