மூன்றாம் கல்லுக்கும் நான்காம் கல்லுக்கும் இடையே

அன்பு மகளுக்கு, அதாவது என் குந்துமணிக்கு, அப்பா எழுதுவது.

வழக்கமாக இங்கே எல்லோரும் சுகம், அங்கே எப்படி என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுவேன், இந்தத் தடவை அந்த முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, இரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறேன், குளியலறைக் குழாய் மட்டும் மறுபடி ஒழுகுகிறது. அம்மாவும் நலம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் முப்பத்து மூன்று வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளைப் பற்றி எனக்கு என்னதான் தெரியும் என்று ஆறு நாளாக எனக்கே சந்தேகமாக இருக்கிறது. மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது, நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாரா? போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், அதோடு சில விஷயங்கள் எனக்கு எழுதத்தான் வரும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஓட்டத்துக்கு நாலைந்து நாள் இருக்கும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். எந்த ஓட்டம் என்று நீ கேட்க மாட்டாய், ஏனென்றால் நீயும் கூட்டுக் களவாணி. எனக்குத் தெரிந்துபோயிற்று.

போன செவ்வாய்க்கிழமை மாத்திரை வாங்க அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் பதினைந்து பேர். சும்மா நிற்கிறோமே என்று சுவரைப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு நோட்டீஸ், அதில் தொப்பி போட்ட ஒரு அம்மாளின் படம். உன் அம்மா சாயலில் ஒருத்தி இருக்கிறாளே என்றுதான் முதலில் நினைத்தேன், வீட்டுக்குப் போனதும் சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூட நினைத்தேன். கீழே படித்தால், எங்கள் துணி அறை அம்மா நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தான் ஓடுகிறார், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடை எழுதுங்கள் என்று போட்டிருக்கிறது. இவளா ஓடுகிறாள்? மாடிப்படி ஏறினால் முட்டியைப் பிடித்துக்கொள்கிறவள், ஐம்பத்தாறு வயது, ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்து அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் இடுப்புக்குத் தைலம் கேட்கிறவள். வாசலில் இருக்கும் காவலாளி பக்கத்தில் வந்து, ஐயா உங்க வீட்டம்மாதானே, நானும் எழுதியிருக்கேன் என்று கையெழுத்துத் தாளைக் காட்டினார். டாக்டர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், எதிர்க் கடை டீ மாஸ்டர், ஊரே எழுதியிருக்கிறது. புருஷன் ஒருத்தனைத் தவிர.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன். ஐந்து மாதமாக விடியற்காலையில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் காஜா எடுக்க உதவி செய்யப் போகிறேன் என்று கிளம்புகிறாள். விடியற்காலையில் எவன் காஜா எடுப்பான் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த அம்மாளிடமே போய்க் கேட்டேன், மறைக்காமல் சொல்லிவிட்டாள். காணாமல் போன என் பழைய காக்கிக் கால்சட்டையை அந்தத் தையல்காரம்மாதான் இவள் அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுத்திருக்கிறாள். நீ ஷூ வாங்கி அந்த அம்மாளின் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறாய். எந்த நாள் எவ்வளவு ஓட வேண்டும், எந்த நாள் ஓய்வு என்று அட்டவணை போட்டு அவள் போனுக்கு அனுப்பியதும் நீ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்பார்களே, நீங்கள் மூன்று பேரும் ஒரு தோட்டத்தையே மறைத்திருக்கிறீர்கள். இதற்கெல்லாம் கோபப்படலாம் என்றுதான் இருந்தேன் கண்ணு. ஆனால் அந்த நோட்டீஸில் படத்துக்குக் கீழே அம்மா சொன்னதாக நாலு வரி இருந்தது. அதைப் படித்த பிறகு கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லாமல் போயிற்று.

அதை நீ படித்தாயா என்று தெரியவில்லை. படித்திருந்தால் என்னோடு இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். அப்படியே எழுதுகிறேன்: "முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால என் பொண்ணு எடை இல்லாமப் பொறந்து இங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தா. முப்பத்தெட்டு நாள் நான் இந்தப் படிக்கட்டுலதான் படுத்தேன். இப்பவும் அம்மாமாருங்க அங்கதான் படுக்கறாங்க. அவங்களுக்கு ஒரு ரூம் வேணும்." அவ்வளவுதான். நான் அதை மூன்று தரம் படித்தேன். பின்னால் நின்றவர், ஐயா ஜன்னல் காலியாகிவிட்டது, போங்கள் என்று முதுகில் தட்டினார்.

உன் பெரியம்மா வீடு அப்போது ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் இருந்தது. உன் அம்மா அங்கேதான் படுக்கிறாள் என்று என்னிடம் சொன்னாள், நானும் நம்பினேன். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் வருவேன், கண்ணாடி வழியாக உன்னைப் பார்ப்பேன், மணி அடித்ததும் கிளம்பிவிடுவேன். அக்கா வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாய், கொடுத்து வைத்தவள் என்று ஒரு நாள் கேலிகூடச் செய்தேன், நாக்கில் நரம்பில்லாமல். அவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டிப் படுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் உனக்குப் பால் கொடுக்க வேண்டுமாம், எட்டு மணிக்கு வெளிக்கதவைப் பூட்டினால் விடியும்வரை யாரையும் உள்ளே விடமாட்டார்களாம், அதனால் வெளியே போகவே இல்லையாம். நூறு தரம் ஏறி இறங்கிய படிக்கட்டு அது. எத்தனை படி, ஒரு படிக்கு எத்தனை அங்குலம் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். அங்கே யார் படுத்திருந்தது என்று மட்டும் தெரியாது.

இதை அவளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு நாள் போயிற்று. வியாழக்கிழமை விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். கால்வாய்க்கரைச் சாலை, சாலை அளக்கும் வேலையில் நான் சேர்ந்த புதிதில் அளந்து கிலோமீட்டர் கல் நட்டேனே, அதே சாலை. முதல் கல்லிலிருந்து ஐந்தாம் கல் வரைக்கும் போய்த் திரும்பினால் எட்டு. ஓடினாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் இதைவிட வேகமாகப் போவார்கள். ஆனால் நிற்கவே இல்லை, அதுதான் எனக்கு அதிர்ச்சி. மூன்றாம் கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஆள் தளர்ந்துவிட்டாள், நாலாம் கல்லை எட்டிப் பிடித்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் மரத்துக்குப் பின்னால் இருந்து வந்தேன். அவள் திடுக்கிடக்கூட இல்லை. உங்க சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடுங்க, அரை மணி நேரமா கேட்டுக்கிட்டே இருக்கு என்றாள்.

அப்புறம் அவளாகவே சொன்னாள், இது உனக்கும் தெரியாத விஷயம். ஒரே ஒரு தடவை முப்பத்திரண்டு ஓடியிருக்கிறாளாம், அதற்கு மேல் முடியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. முதல் கல்லிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, எங்கேயும் தொந்தரவு இல்லை, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் மட்டும் தினமும் உயிர் போய் உயிர் வருகிறதாம், போகும்போதும் திரும்பும்போதும். நெஞ்சில் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டி, யாருக்கும் சொல்லாமல் இருதய டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையம்மா, தாராளமாக ஓடுங்கள் என்றிருக்கிறார், இவள் நம்பவில்லை. திங்கக்கெழம தலைமை நர்ஸ்கிட்ட சொல்லிடப் போறேன், நான் ஓடலன்னு, நடுவுல விழுந்து வெச்சா அசிங்கம் என்றாள். அவள் விலகினால் அவள் பெயரில் எழுதிய நன்கொடை ஒன்றும் வராது. மாதக் கடைசிக்குள் பணம் சேரவில்லையென்றால் நிர்வாகம் தருவதாகச் சொன்ன சாமான் அறையில் பழைய எக்ஸ்ரே படங்களை அடுக்கிவிடுவார்கள், அம்மாமார்கள் படிக்கட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். இவ்வளவையும் கேட்டுவிட்டு உன் அப்பன் என்ன நினைத்தான் தெரியுமா? அப்பாடா, ஓட மாட்டாள் என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஆனால் டாக்டர் ஒன்றும் இல்லை என்கிறார், அந்த ஒரே இடத்தில் மட்டும் ஏன் என்பது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், சக்கரக் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். ஒன்றிலிருந்து இரண்டுக்கு நானூற்று ஐம்பத்தைந்து சுற்று. இரண்டிலிருந்து மூன்றுக்கு அதே நானூற்று ஐம்பத்தைந்து. மூன்றிலிருந்து நாலுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. எண்ணியதில் தப்பு என்று திரும்ப எண்ணினேன், மூன்று தரம் எண்ணினேன், அதே கணக்கு. முந்நூறு மீட்டர் கூடுதல். அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். முந்நூறு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் முப்பது மீட்டர் சங்கிலியால் அளப்போம், ஒரு சங்கிலிக்கு ஓர் இரும்புக் குச்சி நடுவோம், பத்துக் குச்சி சேர்ந்தால் நோட்டில் ஒரு கோடு. நான் ஒரு கோடு போட மறந்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷமாக அந்தக் கல் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அந்த வழியில் மாடும் சைக்கிளும்தான் போகும், அவை புகார் எழுதாது. என் வேலையில் ஒரு அங்குலம் பிசகாது என்று எத்தனை பேரிடம் மார்தட்டியிருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் என்னை யானை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எந்த நாள் அது என்றும் ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் உன் எடை இன்னும் குறைந்துவிட்டது, இந்த இரண்டு நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார். விடிந்ததும் நான் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க்கரைக்குப் போய்விட்டேன், பொறியாளர் விடுப்புத் தரவில்லை, நானும் கெஞ்சிக் கேட்கவில்லை. குச்சியை எண்ணிக்கொண்டிருந்தேன், மனசு வேறெதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

இனி மறைக்க என்ன இருக்கிறது, சனிக்கிழமை முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லாமல் விட்டால் அவள் ஓட மாட்டாள், வீட்டில் பத்திரமாக இருப்பாள், என் கல்லும் மரியாதையோடு நிற்கும். சொன்னால் இரண்டும் போகும். ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் மேலங்கியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், மறுநாள் போய்ச் சொல்லப் போகிற மூஞ்சி. எனக்குப் பொறுக்கவில்லை, சொல்லிவிட்டேன், சுற்றுக்கணக்கு, கோடு, எந்த நாள், எல்லாவற்றையும். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். உனக்கு ஒன்றும் இல்லை, என்னிடம்தான் கோளாறு என்றேன். உங்க கல்லாச்சேன்னு நம்பினேன், என் உடம்பைத்தான் சந்தேகப்பட்டேன் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

அழுதுகொண்டே படிக்கட்டு விஷயத்தையும் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. சொன்னால் நான் அப்போதிருந்த காவலாளியோடு சண்டை போடுவேனாம், அவன் அவளை வெளியே அனுப்பிவிடுவானாம், அப்புறம் உனக்குப் பால் யார் கொடுப்பது? எவ்வளவு சரியாக என்னை அளந்து வைத்திருக்கிறாள் பார். அப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்றதற்கு, நீங்க கேக்கலையே என்றாள். அதில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாலு தடவை போய் வந்ததில் எட்டு முந்நூறு, அவள் முப்பத்திரண்டு என்று நினைத்து ஓடியது முப்பத்து நாலு கிலோமீட்டர் நானூறு மீட்டர். அந்தத் தாளை வாங்கி மடித்துத் தன் மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். இன்று காலை வேலைக்குப் போனாள், தலைமை நர்ஸைப் பார்த்தாள், போர்வைக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, திரையையே பார்த்துக்கொண்டு உட்காராதே. அட்டவணையில் கடைசி வாரம் அவள் என்ன சாப்பிட வேண்டும் என்று எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, இனிமேல் சமையல் என் பொறுப்பு, சிரிக்காதே. நன்கொடைத் தாளில் என் பெயரையும் எழுதிவிட்டேன், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், மாப்பிள்ளை மயங்கி விழுவார். உனக்கும் அவருக்கும் என் ஆசிகள், இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டு வாழ வேண்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே, ஓட்டம் நடக்கும் காலையில் எனக்குப் போன் செய்யாதே. அம்மா சொல்லியிருக்கிறாள், முப்பத்து நாலு வரைக்கும் எனக்குப் பழக்கம், அதுக்கு மேலதான் தெரியாது, முப்பத்தைஞ்சுல வந்து நில்லுங்க, எதுவும் பேசாதீங்க, நின்னா போதும் என்று. அடித்தாலும் எடுக்க மாட்டேன், நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா