பாதியாகச் சுண்டிய பீர்

கல்கூர்லி,
ஞாயிறு மாலை

அன்பு மெரின்,

நீயும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தையல் வலி குறைந்ததா? அத்தை இரவெல்லாம் கண்விழிக்கிறாராமே, அவரைக் கொஞ்சம் படுக்கச் சொல்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. குழந்தை பிறந்ததும் நண்பர்களுக்கு ஊற்ற வேண்டுமே என்று அன்று அப்பாவின் முறைப்படி நாலு லிட்டர் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். அத்தைதான் பேசினார், மகள் என்றார். அடுப்பை மறந்தே போனேன். திரும்பி வந்தால் பானையில் பாதிதான் இருந்தது, வாயில் வைக்க முடியாத கசப்பு.

அறைத்தோழன் கோலின் விழுந்து விழுந்து சிரித்தான். "நீ பக்கத்துல நின்னிருந்தாலும் இதே கதிதான்டா. உங்கப்பா இருபது லிட்டர் காய்ச்சுறாரு, ரெண்டு லிட்டர் ஆவியாப் போனா யாருக்குத் தெரியும்? இந்தச் சின்னப் பானையிலயும் அதே ரெண்டு போகும். முன்னாடியே தண்ணி கூடுதலா ஊத்த வேணாமா? அப்பா ஆயிட்ட, இதுகூடத் தெரியல!"

கொதித்த தண்ணீரை ஊற்றி அளவைச் சரிக்கட்டினோம். பீர் பிழைத்துக்கொண்டது.

விடுப்பை அடுத்த வாரத்துக்கென்று சேர்த்து வைத்திருந்தேன், மகள் முந்திக்கொண்டாள். சுரங்கத்தில் தேதியை மாற்றித் தரவில்லை. வேலை போனால் போகட்டும் என்று அன்றே கிளம்பியிருக்க வேண்டும், மெரின். கிளம்பவில்லை.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. அதோடு அவள் போட்டுக் கழற்றிய தொப்பி ஒன்றையும் வை, துவைக்காதே.

ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது. பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடு. அவள் வாசம் வழியிலேயே பறந்துவிடக் கூடாது.

உன்
டூகல்