பித்தப்பை ஓரத்தில் ஒரு திட்டு

ஜூன் 3, மாதுங்கா
சோனோகிராஃபி முடிந்தது. தம்பி பத்ரிக்கு என் கல்லீரலில் பாதியைக் கொடுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். அங்கங்கே கொழுப்பு தெரிகிறதாம். எம்ஆர்ஐ எடுத்தால்தான் சொல்ல முடியுமாம். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கோ அப்பாடா என்றிருந்தது. தம்பி சாகக் கிடக்கிறான், எனக்கு அப்பாடாவாம்! பல் பிடுங்கவே மூன்று மாதம் தள்ளிப்போட்டவள் நான்.

ஜூன் 6
ஆபீஸிலிருந்து வரும்போது ரயிலில் மாதுங்காவில் இறங்க மறந்து குர்லா வரை போய்விட்டேன். வழியெல்லாம் ஒரே வேண்டுதல் — நிறையக் கொழுப்பு இருக்கட்டும் என்று. யாராவது இப்படி வேண்டிக்கொள்வார்களா?

ஜூன் 10
வேண்டுதல் பலிக்கவில்லை. எம்ஆர்ஐயில் பித்தப்பை ஓரத்தில் ஒரே ஒரு கொழுப்புத் திட்டு, மற்ற இடமெல்லாம் சுத்தம். தாராளமாகக் கொடுக்கலாமாம்.

டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்து, பயமா என்று கேட்டார். அழுதுவிட்டேன். இஷ்டமில்லை என்றால் 'பொருந்தவில்லை' என்று மட்டும் வீட்டில் சொல்வோம், காரணம் சொல்ல மாட்டோம் என்றார். தலையாட்டினேன். காரணத்தை நானேதான் சொன்னேன். அம்மா வராந்தாவில் காத்திருந்தாள். "கொழுப்பு ரொம்ப ஜாஸ்தியாம்மா."

ஜூன் 11
பத்ரி போன் பண்ணினான். குரலே எழும்பவில்லை. "நீ அழாதேக்கா. உன் தப்பா என்ன? மொதல்ல உன் உடம்பப் பாத்துக்கோ."
சொல்லிடலாமா? இப்பவே சொல்லிடலாமா? வாய் வரலையே.

ஜூன் 14
பத்ரியின் மனைவி மானசா டெஸ்டுக்குப் போகிறாள். குழந்தைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

ஜூன் 19
மானசாவுக்கு எல்லாம் பொருந்திவிட்டது. இன்னும் நேரம் இருக்கிறது. டாக்டருக்கு ஒரு போன் செய்தால் போதும்.

ஜூன் 20
செய்யவில்லை.

ஜூலை 2
ஆபரேஷனுக்கு உள்ளே போகும் முன் மானசா குழந்தையை என் கையில் கொடுத்தாள். "நீங்க இருக்கேள்ங்கற தைரியத்துலதான் போறேன் அக்கா." அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். எல்லோரும் அழுதோம். அம்மா கேன்டீனிலிருந்து காபி வாங்கி வந்தாள், எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல். "உனக்குத்தான் லிவர் சரியில்லையே, ஜாக்கிரதையா இருக்கணும்டி" என்றாள்.

குடித்தேன்.